காசின்றிக் காணும் கடற்கரை

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையைப் பார்க்கக் காசு வேண்டாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்திலும் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்பா மட்டும் டிக்கெட் வாங்கட்டும்!

அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் ஜெபித்துவிட்டு மணலில் இறங்கி நடந்தால் வெண்ணிற வளைவுச் சின்னமொன்றைக் காண்கிறோம். அதனருகே நின்று படம் எடுப்போர் பலர். வரலாறு அறிந்தோர் சிலரே. 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் பாய்ந்து தம் உயிரையே ஈந்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. மாலுமியையே விழுங்கிய கடல்! நாம் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் இங்கே கரையேறி முட்டையிடுகின்றன. மாணவத் தொண்டர்கள் அவற்றை எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கிறார்கள். சுமார் 45 நாளில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கியே ஓடும். தெருவிளக்கைக் கடலென்று நம்பி மாண்டவை ஏராளம். பார்க்கப் போகும் தோழியரே, டார்ச் விளக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.