பிசியோதெரபி பாயில் குழந்தை ஏன் கடிக்கிறது?

ஒரு கையால் முழங்காலை மடங்கவிடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலைத் தாங்கிப் பாதத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். அரை நிமிடம் அப்படியே வைத்திருந்து விட்டுவிட்டு, மறுபடியும். இறுகிப்போன கெண்டைச்சதையை இளக்கும் பயிற்சி இது. பிசியோதெரபிஸ்டுக்கு அன்றாட வேலை. ஆனால் 'வலிக்குது' என்று சொல்லத் தெரியாத ஒரு பிள்ளைக்கு, யாரோ ஒரு பெரியவர் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார் என்பது மட்டும்தான் புரியும். உதைக்கும். தலையைத் தரையில் மோதிக்கொள்ளும். வாய்க்கு எட்டிய கையைக் கடிக்கும். "ரொம்ப அடம் பண்றான், இன்னைக்கு இது போதும்மா" என்று பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

பிள்ளை அன்று ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது: கடித்தால் காலை விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அழக்கூட நேரம் எடுக்காது, நேராகக் கடிக்கும்.

பிள்ளை சொன்னபடி கேட்காததற்கு மொழியும் ஒரு காரணம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தமிழ்நாட்டு, கர்நாடக எல்லைகளை ஒட்டிய குப்பம் பகுதியில் இருக்கிறது ராமகுப்பம். தமிழ் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. வீட்டில் அம்மா "காலை நீட்டு" என்பார். பள்ளியிலும் பிசியோதெரபி மையத்திலும் "காலு சாப்பு" என்று தெலுங்கில் சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் இதைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு, ஒரே கட்டளையை இரண்டு விதமாகக் கேட்பதே சுமை. அந்தத் தடுமாற்றத்தைக் 'கீழ்ப்படியாமை' என்று குறிப்பேட்டில் எழுதுவது அநியாயம்.

இனி வலிக்கு வருவோம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைப் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளை ஆய்வாளர் அயோனா நோவக் குழுவினர் 2012-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 4 பேரில் 3 பேருக்கு வலி இருந்தது. 2 பேரில் ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு, 3 பேரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகல், 4 பேரில் ஒருவருக்கு நடத்தைச் சிக்கல். இந்த எண்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். இடுப்பு மூட்டு நழுவிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தொடையை விரித்தால் அது கத்தாமல் என்ன செய்யும்? மலச்சிக்கல், சொத்தைப் பல், காது வலி எல்லாம் இதே கூச்சலாகத்தான் வெளியே வரும். வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகளே எரிச்சலையும் துறுதுறுப்பையும் கூட்டிவிடும். இவற்றையெல்லாம் பார்க்காமல், பிள்ளையை அடக்க மருந்து கேட்பதும் கொடுப்பதும் தவறு என்றே நினைக்கிறேன்.

உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகுதான் நடத்தையை ஆராய வேண்டும். அதற்கான கருவி நம்மிடமே இருக்கிறது. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992-ல் உருவாக்கிய 'பேசிக்-எம்ஆர்' அளவுகோலின் இரண்டாம் பகுதி, அடித்தல் முதல் தன்னைத்தானே காயப்படுத்துதல் வரை 75 நடத்தைகளைப் பட்டியலிடுகிறது. கூடவே, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்ததும் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் எழுதி வைத்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தப்பிக்கத்தான் கடிக்கிறது என்றால், தப்பிக்க வேறு வழி கொடுக்க வேண்டும். 1985-ல் கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டிய முறை இது. 'போதும்' என்று உள்ளங்கையைக் காட்டப் பழக்க வேண்டும். காட்டிய நொடியே காலை விட்டுவிட வேண்டும். இதில் ஒருநாளும் ஏமாற்றக் கூடாது. சற்று இளைப்பாறவிட்டு மறுபடி தொடங்கி, ஐந்து வரை உரக்க எண்ணும்வரை மட்டும் பிடிக்கலாம். எண்ணிக்கை முடிந்தால் பிடி விடும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பிறகு ஐந்தைப் பத்தாக்கலாம்.

தாய்மாருக்கும் பயிற்சி வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ரஸல் குழுவினர் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரங்கள் ஒரு பிரிவுக்குச் சொற்பொழிவும் மற்றொன்றுக்குக் கூடிப் பேசும் வகுப்பும் நடத்தினார்கள். 1999-ல் வெளிவந்த முடிவின்படி, கூடிப் பேசிய பெற்றோருக்குப் பிள்ளையைக் கையாளும் மனப்பாங்கு நன்றாகவே மேம்பட்டிருந்தது.

ராமகுப்பத்திலிருந்து வேலூர் போக, குப்பத்தில் ரயிலேறி ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுப் பல வாரம் அலைய எந்தத் தாயால் முடியும்? ஆந்திராவில் மண்டல அளவில் 'பவிதா' மையங்கள் இருக்கின்றன. பிசியோதெரபிக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் அங்கே ஏற்கெனவே கூடுகிறார்கள். அதே நாளில் அவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அவரவர் மொழியில் பேசவிடும் வகுப்பை அரசு அங்கேயே தொடங்க வேண்டும்.