கட்டை இல்லாத வெட்டு

2010 ஜூன் மாதம், ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாயின் வாள் டில்லியிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தது. கிளிமானூர் அரண்மனையில் ஏறக்குறைய 150 வருடம் இருந்து, 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்குக் கொடுக்கப்பட்ட வாள் அது. நேப்பியர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் வாப்பா கடையை மத்தியானமே பூட்டிவிட்டார். அவருக்கு அதில் ஊர்ப் பாசம். தளவாய் பிறந்த தலக்குளம் எங்கள் தக்கலைக்குப் பக்கம்தானே.

வாப்பா திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் நாற்பது வருடம் ஆட்டுக்கறி வெட்டியவர். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, பிடியைப் பார்க்கவில்லை, நீளத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வாளின் வாயைப் பார்த்தார். கூர் உள்ள பக்கத்தை நாங்கள் வாய் என்போம்.

"ஒரே வெட்டுல கழுத்து போச்சுன்னா சொல்லுதாங்க?" என்றார்.

அப்படித்தான் சொல்கிறார்கள். 1809 ஜனவரியில் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை விட்ட தளவாய், படை தோற்றபின் மண்ணடி பகவதி கோயிலில் ஒளிந்திருந்தார். எதிரிகள் சூழ்ந்ததும் தன்னையே குத்திக்கொண்டார். உயிர் போகவில்லை. தம்பி பத்மநாபனிடம் கழுத்தை வெட்டச் சொன்னார், தம்பி ஒரே வீச்சில் வெட்டினார் என்பது கதை. அது இந்த வாளா, வேறு வாளா என்பது இருக்கட்டும். வாப்பாவுக்கு உறுத்தியது எலும்பு.

எங்கள் கடையில் எப்போதும் இரண்டு கத்தி. கறி அரிய ஒன்று: மெலிசு, வாய் தாள் மாதிரி. எலும்புக்கு இன்னொன்று: கனத்த வெட்டுக்கத்தி, வாய் சற்றே தடித்து ஆப்பு மாதிரி இருக்கும். சின்ன வயதில் நான் மெலிசுக் கத்தியால் தொடை எலும்பைப் போட்டேன். கத்தியின் வாயில் அரிசி அளவு பொக்கு விழுந்தது. என் முதுகில் விழுந்ததைச் சொல்ல வேண்டாம். வாள் செய்த கொல்லனின் தலைவலியும் இதுதான். வாய் மெலிந்தால் தசையில் வழுக்கிக்கொண்டு போகும், எலும்பில் பட்டால் மடங்கும். தடித்தால் எலும்பைத் தாங்கும், தசையில் திணறும். இரண்டு கத்தியின் வேலையையும் ஒரே இரும்பில் அடக்கி, அதையும் சுமார் ஒரு கிலோவுக்குள் செய்துகொடுக்க வேண்டும்.

இதில் எலும்பும் சும்மா இருப்பதில்லை. காய்ந்த எலும்பு பானை ஓடு மாதிரி உடையும். பச்சை எலும்பில் சுண்ணாம்புச் சத்தோடு நார்ப்புரதமும் ஈரமும் இருப்பதால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உள்ளே போன வாயைக் கவ்விக்கொள்ளும். வெட்டியவர் கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது? சினிமாவில் நாயகன் ஒரு வீச்சில் நாலு பேரை இடுப்போடு துண்டாக்கும்போது வாப்பா மட்டும் தியேட்டரில் சத்தமாகச் சிரிப்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "எலும்ப வெட்டாத மக்கா, மூட்டத் தேடு." இரண்டாவது பாடம் கட்டை. தொங்கவிட்ட தொடையை வீசி வெட்டினால் அது ஊஞ்சல் மாதிரி விலகிப் போகும். புளியங்கட்டையில் வைத்து அதே வெட்டைப் போட்டால் இரண்டாகும். விலகிப் போக முடியாத எலும்புதான் வெட்டுப்படும்.

போர்க்களத்திலும் அப்படித்தான். சுவீடனில் விஸ்பி என்ற ஊரில் 1361இல் நடந்த போரில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. வெட்டுக் காயங்களில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழே. கேடயம் மறைக்காத இடம் என்பது ஒரு காரணம். உடம்பின் பாரத்தைத் தாங்கித் தரையில் ஊன்றி நிற்கிற கால் எங்கே விலகும் என்பது கசாப்புக்கடைக்காரன் மகனாக நான் சேர்த்துக்கொள்வது.

கழுத்து வேறு கணக்கு. ஆட்டுக்கும் நமக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான். நடுவில் மெத்தை மாதிரி வட்டுகள். கோயில் கொடையில் கிடா வெட்டுகிறவர் ஏன் காத்திருக்கிறார்? ஒருவர் தலையைப் பிடித்து இழுக்க, கழுத்து நீண்டு விறைத்து, விலக வழியில்லாமல் நிற்கும் அந்த நொடிக்காகத்தான். முன்பக்கம் கனத்த அரிவாள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தன் தலையைத் தானே அரிந்து பலி கொடுத்த நவகண்டச் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. சிலவற்றில் குடுமியை வளைத்த மூங்கிலில் கட்டியிருக்கும். மூங்கில் அங்கே செய்வதும் இந்த இழுக்கிற வேலையைத்தான். வாப்பாவோ வாழ்நாளெல்லாம் கழுத்தெலும்பைத் தொடாமல் அறுத்தவர். எங்கள் ஹலால் முறையில் மூச்சுக்குழாயும் ரத்தக்குழாயும் அறுபட வேண்டும், கத்தி தண்டுவடத்தை எட்டக் கூடாது.

நம் நாட்டு வாளைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் எழுதியதைச் சொல்லாமல் விட மனமில்லை. லூயிஸ் நோலன், குதிரைப்படை கேப்டன். ஐதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் தலையையும் கையையும் துண்டாக்கியதைக் கேள்விப்பட்டு, அது என்ன அதிசய வாள் என்று விசாரித்தார். பார்த்தால், ஆங்கிலப் படை கழித்துப்போட்ட பழைய வாள்களின் அலகுகள்! நன்றாகத் தீட்டி மர உறையில் போட்டிருந்தார்கள், சண்டைக்கு மட்டுமே உருவினார்கள். ஆங்கிலேயர் உறையோ இரும்பு. உருவும்போதும் செருகும்போதும் அதுவே கூரைத் தின்றுவிடும். 1853இல் இதைப் புத்தகத்தில் எழுதிய நோலன் அடுத்த வருடமே பாலக்லாவா போரில் செத்தார், பீரங்கிக் குண்டுச் சிதறலில். வாப்பா தன் கத்திகளை ஈரத் துணியில் சுற்றிப் பலகையில் கிடத்துவார், தகர டப்பாவில் போட விடமாட்டார்.

கிழக்குக் கோட்டையில் 1956இலிருந்து நடக்கும் சி.வி.என். களரிக்கு அவரை ஒருமுறை கூட்டிப்போனேன். இடுப்பில் சுற்றும் சுருள்வாளைப் பார்த்து, "தோலை உரிக்கும், எலும்புக்கு ஆகாது" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. வளைகிற தகடு தன் வேகத்தை வளைவிலேயே செலவழித்துவிடும். வாள் சொல்லிக்கொடுக்கும் அதே இடத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டும் போடுகிறார்கள் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மியூசியத்திலிருந்து வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். வாப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மண்ணடியில அண்ணனும் தம்பியும் மட்டும்தான இருந்தாங்க? அப்போ தலையை யாரு பிடிச்சா?"