பன்னிரண்டு பேர் போதும் பாஸ்!

உங்களுக்கு வயசு 19. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பாலிடெக்னிக், இல்லை இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். வீட்டில் உங்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை. டி.வி. ரிமோட்கூட தங்கச்சி கையில்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நீங்கள் ஒரு கூடைப்பந்து டீமின் முதலாளி! யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது எல்லாமே நீங்கள் சொல்வதுதான். உபயம்: 'பஸ்ஸர்பீட்டர்'.

2007-ல் இணையத்துக்கு வந்த விளையாட்டு இது. பந்தை நீங்கள் எறிய முடியாது. தடதடவென்று பட்டன் அமுக்கும் வேலையும் இல்லை. ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஐந்து பேரை இறக்கிவிட்டால், மேட்ச்சை கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும். 'ஆன்லைன் கேமா? ரம்மி மாதிரியா?' என்று அப்பா பதறினால் பக்குவமாகச் சொல்லுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை விதித்தது. இது அந்த ரகம் இல்லை. பந்தயம் கிடையாது. விருப்பமிருந்தால் சந்தா கட்டலாம், கட்டாமலும் ஆடலாம்.

புதுசாக நுழைகிறவர்கள் எல்லோரும் முதல் வாரம் செய்வது ஒரே வேலைதான். ஆள் சேர்ப்பது! 'இவன் விலை கம்மியா இருக்கான் மச்சி, இருக்கட்டும்', 'அவன் உயரமா இருக்கான், எதுக்காவது உதவுவான்' என்று ரேஷன் கடையில் பை நிரப்புகிற மாதிரி நிரப்பிவிடுவார்கள். பதினெட்டு பேர் சேர்ந்ததும் பெரிய டீம் வந்துவிட்ட சந்தோஷம். அங்கேதான் வண்டி பஞ்சர்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பேப்பர், பேனா எடுங்கள். இந்த விளையாட்டில் வாரத்துக்கு மூன்று மேட்ச். இரண்டு லீக், நடுவில் ஒன்று கோப்பை ஆட்டம் அல்லது பிராக்டீஸ் மேட்ச். ஒரு மேட்ச் 48 நிமிஷம். களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு மேட்ச்சுக்கு 240 ஆள்-நிமிஷம், வாரத்துக்கு 720. முதலாளியாக உங்கள் கையில் இருக்கும் உண்மையான சொத்து இந்த 720 நிமிஷம்தான். எவ்வளவு காசு கொட்டினாலும் 721 ஆகாது.

இனி பயிற்சி. ஒரு வாரத்துக்கு டீம் முழுமைக்கும் ஒரே ஒரு பயிற்சிதான் தேர்ந்தெடுக்க முடியும். ரீபவுண்டு என்றால் ரீபவுண்டு, பாஸிங் என்றால் பாஸிங். எந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அந்த வாரம் 48 நிமிஷமாவது ஆடியவனுக்குத்தான் முழுப் பயிற்சி ஏறும். பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியவனுக்கு ஒன்றும் கிடையாது! வெள்ளிக்கிழமை வந்தால் ரிசல்ட் தெரியும்.

720-ஐ 48-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினைந்து. பதினெட்டு பேருக்கும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 40 நிமிஷம்தான். அதாவது ஒருவனுக்குமே முழுப் பயிற்சி கிடைக்காது! நல்ல மனசோடு எல்லோருக்கும் வாய்ப்பு கொடுத்த முதலாளி, எல்லோரையும் சேர்த்தே கெடுத்திருப்பார். பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு 60. உடம்பு ஃபார்ம் கெடாமல் இருப்பதற்கும் அந்த அளவு சரியாக இருக்கும். ரொம்பக் கம்மியாக ஆடினாலும் ஃபார்ம் இறங்கும், மூன்று மேட்ச்சிலும் போட்டு வறுத்தாலும் இறங்கும். எட்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு கெத்து காட்டுகிறவர்கள் ஆளுக்கு 90 நிமிஷம் ஓடவிட்டு நாக்கு தள்ள வைப்பார்கள். அதில் ஒருவனுக்குக் கால் பிசகினால் முடிந்தது கதை. பத்திலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் பார்வையாளர்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரிலும் எல்லோரையும் வளர்க்க முடியாது. ஒரே இடத்துக்கு, உதாரணமாக சென்டருக்கு மட்டும் பயிற்சி என்று வைத்தால், அந்த இடத்துக்கு வாரத்தில் 144 நிமிஷம். மூன்று பேருக்கு மட்டுமே சரியாகப் போகும். இரண்டு இடங்களுக்குச் சேர்த்து வைத்தால் ஆறு பேர், ஆனால் முன்னேற்றம் மெதுவாகும். அந்த மூன்று பேரோ ஆறு பேரோ யார் என்பதில்தான் உங்கள் மூளை தெரியும். 18, 19 வயசுப் பையன்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். வயசு ஏற ஏற வேகம் குறையும். உயரமானவனுக்குக் கூடைக்கு அடியில் ஆடும் வித்தைகள் சட்டென்று வரும், குட்டையானவனுக்குப் பந்தைக் கையாள்வதும் பாஸிங்கும் வரும். 'பொட்டன்ஷியல்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அது குறைவானவன் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவே மாட்டான். பார்க்காமல் வாங்கினால் இரண்டு சீசன் வேஸ்ட்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. உயரமான பையனுக்கு பாஸிங் சொல்லித்தர வேண்டுமென்றால் அவனை கார்டு இடத்தில் இறக்கித்தான் ஆக வேண்டும். அங்கே அவன் திணறுவான். பந்தைத் தொலைப்பான். மேட்ச் போகும். ஜெயிக்க வேண்டுமா, அவனை வளர்க்க வேண்டுமா? ஒவ்வொரு வாரமும் இந்தக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதற்காகவே நடுவாரப் பிராக்டீஸ் மேட்ச்சைப் பயன்படுத்துவார்கள். அதில் தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பையன் 48 நிமிஷமும் முழுசாக ஆடிவிடலாம். கோப்பையிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிட்டால் துக்கம் கொண்டாடாதீர்கள், பயிற்சிக்கு ஒரு நாள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இன்னொன்று. நீங்கள் வளர்த்துவிட்ட பையனுக்கு அடுத்த சீசன் தொடக்கத்தில் சம்பளமும் ஏறும். மூன்று பேரும் நட்சத்திரமானால் பெட்டி காலி. ஒருவனை விற்றே ஆக வேண்டும். விற்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், அது வெறும் நாலு எண்கள் என்று தெரிந்தாலும்.

பெஞ்சில் உட்கார்ந்தவன் வளர மாட்டான் என்பது ஏதோ கம்ப்யூட்டருக்குள் எழுதிவைத்த விதி என்று நினைக்காதீர்கள். சத்னம் சிங்கை ஞாபகம் இருக்கிறதா? பஞ்சாப் கிராமத்துப் பையன், ஏழடி இரண்டு அங்குலம். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச்கூட அவர் ஆடவில்லை. ஒரு டீமில் சுமார் 15 இடம்தான், அதற்கு உலகம் பூராவும் போட்டி. மேவரிக்ஸின் துணை அணியான டெக்ஸஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார். அங்கேயும் களத்தில் நின்ற நேரம் கொஞ்சம்தான். பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்தது. நிமிஷம்தான் வரவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வாங்க. சிப்காட், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று நம் மாவட்டத்தில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் இன்னும் இருக்கிறது. கோர்ஸ் முடிந்ததும் உங்களில் நிறையப் பேர் ஏதாவது ஒரு கேட் வழியாக அப்ரன்டிஸாக உள்ளே போவீர்கள். அந்த நிமிஷத்தில் நாற்காலி மாறிவிடுகிறது. ராத்திரி ஆட்களைத் தேர்ந்தெடுத்த நீங்கள், பகலில் வேறு யாரோ ஒருவரின் லிஸ்ட்டில் ஒரு பெயர்!

1961-ம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டம் அந்த லிஸ்ட்டுக்கும் அளவு வைத்திருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ்களை எடுக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி இல்லை. பயிற்சி முடிந்ததும் கட்டாயமாக வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதில் இல்லை. ஆகவே வெளியே வரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது சர்ட்டிஃபிகேட்டும், கற்றுக்கொண்ட தொழிலும்தான். அந்தத் தொழில் எங்கிருந்து வரும்? மெஷின் முன்னால் நின்ற நேரத்திலிருந்து. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த நேரம் கணக்கில் சேராது.

சூப்பர்வைசர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு இன்றைக்கு டார்கெட் முடிய வேண்டும். புதுப் பையனை சி.என்.சி. மெஷினில் நிறுத்தினால் பீஸ் வீணாகலாம். உயரமான பையனை கார்டாக இறக்க நீங்கள் தயங்கினீர்களே, அதே தயக்கம்தான். அதனால் சுலபமான வேலை எதுவோ அதிலேயே உங்களை வைத்திருப்பார். பெட்டி அடுக்கு, டிராலி தள்ளு. மாசம் ஓடிவிடும்.

இதற்குத்தான் பதிவேடு. அப்ரன்டிஸின் பயிற்சி எப்படிப் போகிறது என்று நிறுவனம் எழுதி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். டிகிரி, டிப்ளமோ அப்ரன்டிஸ்கள் அன்றன்று செய்த வேலையைத் தாங்களே ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். நிறையப் பேர் கடைசி வாரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் காப்பி அடித்து நிரப்புகிறார்கள். நீங்கள் அன்றைக்கு அன்றைக்கே எழுதுங்கள். எந்த மெஷின், எத்தனை மணி நேரம், யார் சொல்லிக்கொடுத்தார் என்று. மேட்ச் முடிந்ததும் யார் எத்தனை நிமிஷம் ஆடினார்கள் என்று ஸ்கோர்ஷீட்டைத் துருவித் துருவிப் பார்ப்பீர்களே, அதே கண்ணோடு மாசத்துக்கு ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டுங்கள். மூன்று மாசமும் டிராலிதான் என்றால் பயிற்சிப் பொறுப்பாளரிடம் நோட்டோடு போய் நில்லுங்கள். "சார், அடுத்த மாசம் எனக்கு எந்த மெஷின்?" என்று கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால், மேலிடத்தில் காட்டுவதற்கும் அதே நோட்டுதான்.