உஷார்! ஆயாவின் பெருவிரல் பத்திரம்

"ரேகை விழலை ஆயா, இன்னொரு தடவை அழுத்து."

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். பணம் கொடுக்கும் ரேகை மெஷினில் முதல் தடவையே ரேகை விழுந்திருக்கலாம். இரண்டாவது அழுத்தலில் இன்னொரு முறை பணம் எடுபட்டிருக்கலாம்.

இந்தப் பொய் இங்கே எளிதாக எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. வலைக்கயிறு இழுத்த விரல், உப்புத்தண்ணீரில் இறால் தடவிய விரல், ஜமீலாபாத்தில் பனையோலை முடைந்த விரல் எல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. மெஷின் உண்மையிலேயே பல தடவை திணறும். அதனால் மெஷின் கொண்டுவந்தவன் சொல்வதை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஓ.டி.பி. வராது. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை, இவ்வளவுதான்.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சீட்டு கேளுங்கள். 'தோல்வி' என்றாலும் அதற்கும் சீட்டு உண்டு. "பேப்பர் தீர்ந்துபோச்சு" என்றால் விரலை எடுத்துவிடுங்கள். பேப்பர் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். முகத்துவாரம் மண்மேடிட்டு ஏரியில் மீன்பாடு குறைந்த காலத்தில், மீன்பிடிக்கப் போகாமல் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள மகனால் முடியாது. ஆள் வைக்கக் காசு வேண்டும். முதியோர் பணமான ஓ.ஏ.பி. 2023 ஆகஸ்டில்தான் 1,000-லிருந்து 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே வெறும் 200 ரூபாய். டயப்பருக்கே போதாது. இந்த இடைவெளி தெரிந்துதான் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள்.

ஒருவன் "ஓ.ஏ.பி. வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்பான். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஆகும் கட்டணம் சொற்பம், அதற்கும் ரசீது தருவார்கள். ஆயிரக்கணக்கில் கேட்பவன் அலுவலகத்தின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுகிறவன். இன்னொருவன் "70 வயசுக்கு மேலே மோடி கார்டு, 5 லட்சம் கையில வரும், வீட்டுலயே நர்ஸ் வச்சுக்கலாம்" என்பான். 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பியவர்களுக்கு விரிவாக்கிய அந்த மத்திய அரசு மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் செல்லும். வீட்டில் வைக்கும் ஆளுக்குச் சம்பளம் அதில் கிடையாது, ரொக்கமாக யார் கையிலும் தரமாட்டார்கள்.

காசில்லாமல் கிடைப்பதற்கே காசு கொடுத்து ஏமாறுவதுதான் இதில் பெரிய கொடுமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு. கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். முழுநாளும் உடனிருக்கும் ஆள் இதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மருந்துக்காகக் கந்துவட்டிக்கு ஓடத் தேவையில்லை. கந்துவட்டி 2003-லேயே இந்த மாநிலத்தில் குற்றமாகிவிட்டது.

பணம் போய்விட்டது தெரிந்தால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகு வங்கிக் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் எடுத்திருந்தால், 3 வேலைநாளுக்குள் புகார் செய்தவரின் தலையில் நஷ்டத்தைக் கட்டக்கூடாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஆதாரில் ரேகையைப் பூட்டியும் வைக்கலாம், பேரப்பிள்ளையின் போனில் செய்துவிடும் வேலை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பூட்டிய ரேகை பென்ஷன் மெஷினிலும் செல்லாது. பணம் எடுக்கும் நேரத்தில் திறந்து, பிறகு மறுபடி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சொந்த வீட்டுக்குள்ளேயே கேட்கும் ரேகை. "நாங்க பாத்துக்கறோம், வீட்டை எழுதிக் கொடு" என்று மகனோ மருமகனோ கேட்பது புதிதல்ல. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். கோட்ட அளவிலான வருவாய் அதிகாரிதான் அதை நடத்துகிறார், இந்தக் குப்பங்களுக்குப் பொன்னேரி. சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. வாய்ப்பேச்சில் சொன்னதை வைத்து வழக்காடினால் வருஷக்கணக்கில் இழுக்கும். "என் ஆயுள்வரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். பத்திர எழுத்தர் முகம் சுளிப்பார். மகன் கோபித்துக்கொள்வான். அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லி, கேட்ட பிறகு விரலை மையில் வையுங்கள்.