வயிற்றுக்குள் வளரும் நீர்க்கட்டி

நோயைத் தீர்க்கப் புகுமுன் அதன் காரணத்தைத் தேடச் சொன்னார் வள்ளுவர். அந்த அறிவுரையின் பொருள் எனக்கு வகுப்பறையில் விளங்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில்தான் விளங்கியது.

வாலாஜாபாத்தை அடுத்த எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவர் என் அத்தை. சென்ற ஆண்டு அவருக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி கண்டது. வாயு என்று எண்ணி இஞ்சிச் சாறு கொடுத்தோம். குளிர்க் காய்ச்சலும் சேரவே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கல்லீரலில் பெரிய நீர்க்கட்டி இருப்பதையும், அது சீழ் பிடித்திருப்பதையும் ஸ்கேன் காட்டியது. “எனக்கு வவுத்துல இன்னாடா இருக்குது? நீதானே படிக்கிற புள்ள” என்று அத்தை கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் நாடாப்புழு வரைந்து நல்ல மதிப்பெண் பெற்றவன். ஆயினும் பதில் சொல்ல இயலாமல் நின்றேன். அன்று சொல்லாத பதிலே இக்கட்டுரை.

இக்கட்டிக்குக் காரணம் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் நாடாப்புழு. பன்றி இறைச்சியால் பரவும் நாடாப்புழு மீட்டர் கணக்கில் நீளும். இதுவோ ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான். நாயின் சிறுகுடலில் வாழும் இதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் கலக்கின்றன. மேயும் ஆடு அவற்றை விழுங்குகிறது. முட்டையிலிருந்து வரும் இளம் உயிரி குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கல்லீரலை அடைந்து நீர்க்கட்டியாகிறது. அக்கட்டியுள்ள ஈரலை நாய் பச்சையாகத் தின்றால், கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய புழுத்தலைகள் அதன் குடலில் புழுக்களாக வளர்கின்றன. மனிதன் இச்சுற்றில் வழிதவறி நுழைபவன். முட்டை ஒட்டிய கையும், சரியாகக் கழுவாத கீரையுமே வழி. ஆட்டுக்கறி தின்பதால் இந்நோய் வருவதில்லை.

கட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். பித்தக்குழாயோடு அதற்குத் தொடர்பு ஏற்பட்டால், அவ்வழியே பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்கலாம்.

இதைச் சாதாரணச் சீழ்க்கட்டி போலக் கீறிவிட முடியாது. உள்ளிருக்கும் நீர் வயிற்றறையில் சிந்தினால், உயிருள்ள புழுத்தலைகள் புதிய கட்டிகளாக வளரக்கூடும். கடும் ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றிலும் அடர்ந்த உப்புக்கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி அரண் செய்கிறார். முதலில் உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கிறார். பித்தக்கசிவு இல்லையெனில் மட்டுமே புழுத்தலைகளைக் கொல்லும் மருந்தை உள்ளே செலுத்துவார். பின்னர் உட்சவ்வையும் குட்டிக் கட்டிகளையும் நீக்கி, கசியும் பித்தத் துளையைத் தைத்து, எஞ்சிய நீர் வடியக் குழாய் வைக்கிறார். சீழுக்கு நுண்ணுயிர்க்கொல்லி, புழுவுக்கு அல்பெண்டசோல். சீழ் பிடிக்காத சில கட்டிகளுக்கு மாத்திரையோ, ஸ்கேன் பார்த்துச் செலுத்தும் ஊசியோ போதுமானதாகிறது.

அத்தை பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை: “வீட்டில் நாய் உண்டா?” உண்டு. ஆடி மாதத்தில் கிடா வெட்டும்போது, நீர்க்கொப்புளம் கண்ட ஈரல் கறிக்கு ஆகாது என்பார்கள். அதை நாய்க்கு வீசுவது சிறு வயது முதல் என் வேலை!

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இந்நோய் மிகுதி. 1863இல் அங்கு சென்று ஆராய்ந்த ஹரால்ட் கிராப் என்னும் டென்மார்க் அறிஞர், நோய் பரவும் விதத்தை விளக்கிச் சிறு நூல் எழுதினார். அது வீடுதோறும் வழங்கப்பட்டது. மக்கள் படித்தனர்; கெட்ட ஈரலை நாய்க்குப் போடுவதை விட்டனர். பின்னர் சட்டமும் துணை வந்தது. 20ஆம் நூற்றாண்டில் நோய் அங்கிருந்து மறைந்தது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் ஆடு வளர்க்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். கொப்புளம் கண்ட ஈரலை ஆழப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் புழுமருந்து கேளுங்கள். கை கழுவி உண்ணுங்கள். இதை என் வீட்டில் சொன்னபோது முதலில் தலையசைத்தவர் அத்தைதான். இப்போது ஈரலைப் புதைக்கக் குழி வெட்டுவது என் வேலை.