அந்தமானுக்குக் குடும்பத்தோடு குடிபோகிறீர்களா? செலவு எங்கே கூடும், எங்கே குறையும்?

அந்தமானில் வேலை கிடைத்துவிட்டது. கணவன், மனைவி, 2 பிள்ளைகள், ஒரு வீடு நிறைய சாமான். சென்னையிலிருந்து சுமார் 1,370 கி.மீ. கடல் தாண்டி இவ்வளவையும் கொண்டு போவது கட்டுப்படி ஆகுமா?

ஆகும். ஆனால் பலர் விமான டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் பர்ஸைக் காலி செய்வது டிக்கெட் அல்ல, சாமான்தான்.

விமானமா, கப்பலா?

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டே கால் மணி நேரம். கப்பலில் சுமார் 3 நாள்.

கப்பலில் குறைந்த கட்டணம் 'பங்க்' வகுப்புக்கு. பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள் இருக்கும். சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும். விமானத்தைவிட அதிக லக்கேஜ் கொண்டு போகலாம் என்பதுதான் பெரிய லாபம்.

ஆனால் கப்பல் தினமும் கிடையாது. மாதத்துக்குச் சில முறைதான் புறப்படும். வானிலை மோசமானால் தேதியும் தள்ளிப்போகும். எனவே வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய நாள் போய் இறங்குவதுபோல் திட்டமிடக் கூடாது.

இன்னொன்று: தீவுவாசி அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் சலுகைக் கட்டணம். புதிதாகப் போகிறவர்கள் முழுக் கட்டணத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பீரோ, கட்டில், பைக்?

கனமான மரச்சாமான்களை இங்கேயே விற்றுவிடுவது பெரும்பாலும் லாபம். பாத்திரம், துணி, பாடப்புத்தகம், மிக்ஸி போன்றவை போதும். பெரிய பொருள் கட்டாயம் வேண்டும் என்றால், முழு கண்டெய்னர் எடுக்காமல் பலரது சாமான்களோடு சேர்த்து அனுப்பும் சரக்கு சேவையைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கத் துறைமுகத்திலும் ஏற்று இறக்குக் கூலி, வீடு வரை வண்டி வாடகை எல்லாம் அந்தத் தொகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். எதிர்பாராத செலவு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

பைக் கொண்டு போவதென்றால் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவும் அவசியம். பழைய பைக் என்றால் விற்றுவிட்டுப் போவதே மேல்.

காஸ் சிலிண்டரை எடுத்துப் போகவே முடியாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். அவர்கள் தரும் வவுச்சரைக் காட்டி அங்கே புதிய இணைப்பு எடுக்கலாம்.

பிள்ளைகள் படிப்பு?

அந்தமான் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் 9 அல்லது 11 முடித்த பிள்ளையை நேராக சிபிஎஸ்இ 10, 12-ல் சேர்ப்பது எளிதல்ல. ஆகவே பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் குடிபோகும் தேதியையே முடிவு செய்ய வேண்டும். கல்வியாண்டு மாறும் நேரம் வசதியானது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடலும் பொதுவாக அமைதியாக இருக்கும்.

மொழி பற்றிப் பெரிய கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ்.

அங்கே போன பிறகு?

காய்கறி, மளிகையில் பெரும்பகுதி கப்பலில் வருவதால் விலை கூடுதல். கப்பல் தாமதமானால் இன்னும் ஏறும். கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து விடப்படுவதும் உண்டு. வீடு பார்க்கும்போது தொட்டி எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட வேண்டும். ஆறுதலான விஷயம், வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலை சென்னையைவிடக் குறைவு.

ரேஷன்? 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் முன்னுரிமை அட்டைகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் முன்னுரிமையற்ற அட்டை வைத்திருப்பவர்களுக்கு அங்கே அரிசி கிடைக்காது.

வீட்டில் தொடர் சிகிச்சை பெறும் முதியவர் இருந்தால் நன்றாக யோசிக்க வேண்டும். ஜி.பி.பந்த் மருத்துவமனைதான் தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை. சிக்கலான சிகிச்சைக்குச் சென்னை, கொல்கத்தா வர நேரிடலாம். அந்த அவசர டிக்கெட்டுக்கும் ஒரு தொகை தனியாக இருக்கட்டும்.

செலவு குறைந்த வழி எது?

முதலில் ஒருவர் மட்டும் ஒரு பெட்டியோடு போவது. 2, 3 மாதம் இருந்து பார்த்து, வீடும் பள்ளியும் உறுதியான பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வது. இரண்டு இடத்திலும் வாடகை கொடுக்கும் அந்த மாதங்கள் கஷ்டம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், ஒத்துவரவில்லை என்று திரும்பினால் அதே சாமானுக்கு இன்னொரு முறை சரக்குக் கட்டணம் கட்ட வேண்டிவரும். கடல் தாண்டிய வீடு மாற்றத்தில் அதுதான் தாங்க முடியாத செலவு.