நடந்தால் வலி, நின்றால் நிம்மதி

"கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, சற்று நின்றால் விட்டுவிடுகிறது. வயதாகிவிட்டது அல்லவா?" என்று கூறியபடி எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் பலர். வலிக்கு அஞ்சி அவர்கள் நடப்பதையே குறைத்திருப்பார்கள். பெரும்பாலும் இவ்வலிக்குக் காரணம், காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து பாதை குறுகியிருப்பதே ஆகும்.

கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுக்கும்போது 0.9 அல்லது அதற்குக் குறைவாக வந்தால், அடைப்பு இருப்பதாகக் கொள்கிறோம். காலில் படிந்த கொழுப்பு இதயம், மூளை ஆகியவற்றின் தமனிகளிலும் படிந்திருக்கக்கூடும். எனவே கால் வலியை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முன்னெச்சரிக்கையாகவே நாங்கள் கருதுகிறோம்.

பலூன் சிகிச்சையும் ஸ்டென்ட்டும் ஓரிடத்து அடைப்பையே சீராக்கும். மற்ற இடங்களைக் காக்கும் பொறுப்பு பெரிதும் உங்கள் கையில் உள்ளது.

புகையிலை: பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை அனைத்தையும் அறவே விட வேண்டும். "குறைத்துவிட்டேன்" என்பது போதாது. தனியே விட இயலாதோர் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

நடை: வலி ஓரளவு மிகும்வரை நடந்து, நின்று, வலி தணிந்தபின் மீண்டும் நடங்கள். ஓய்வு நேரமும் சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல 45 நிமிடம்வரை உயர்த்தலாம். வாரத்தில் குறைந்தது 3 நாள் தேவை. இவ்வலியால் தசைக்குக் கேடு நேராது. 12 வாரங்கள் தொடர்ந்தால் பலருக்கு வலியின்றி நடக்கும் தூரம் கூடும். ஓய்விலும் கால் வலிப்போர், பாதத்தில் புண் உள்ளோர், நெஞ்சு வலி உடையோர் எங்களைக் கலந்தபின்னரே தொடங்க வேண்டும்.

மாத்திரை: கொழுப்பைக் குறைப்பதும் இரத்தம் உறைவதைத் தடுப்பதும் வலி நிவாரணிகள் அல்ல. ஸ்டென்ட் வைத்தபின் வலி நீங்கிவிட்டதே என்று அவற்றை நிறுத்திவிட்டு, கால் கறுத்த நிலையில் திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களைக் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தவறாமல் பரிசோதியுங்கள்.

பாதம்: இரவுதோறும் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள், குனிய இயலாதோருக்கு வீட்டார் பார்க்கட்டும். வெறுங்காலுடன் நடப்பது, கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது ஆகியவற்றைத் தவிருங்கள். சர்க்கரை நோயால் உணர்வு குன்றிய காலில் சூடு பட்டாலும் தெரியாது. சிறு புண்ணாயினும் உடனே காட்டுங்கள்.

திடீரெனக் கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போய் வலித்தால் விடியும்வரை காத்திராதீர்கள். காலைக் காக்கச் சில மணி நேரமே உண்டு. நெஞ்சு வலி, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுக்கும் உடனே 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "வலிக்கிறதே, உட்காருங்கள்" என்று தடுக்காமல், உடன் நடந்து செல்லுங்கள். அடுத்த முறை வரும்போது மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதங்களைக் காட்டுங்கள்.